தனூஸ் குடிக்காத காப்பி

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: விதாத். அவள் பெற்ற மகன் மீலாத். மூத்த தாரத்து மகன் ஷர்பெலின் விதவை நவால். பிறகு வந்தவன் தனூஸ், எங்கள் மலைப்பக்கத்தில் கட்சிப் படையின் தளபதி. விதாத்தின் செத்துப்போன கணவனுக்குச் சித்தப்பா மகன்.

ஷர்பெல் அந்தப் படையில் சேர்ந்து, பெய்ரூத் சண்டையில் குண்டடிபட்டுச் செத்தான். நாற்பதாம் நாள் பூசை முந்தின நாள்தான் முடிந்திருந்தது. நவால் விடிந்ததும் ஆரம்பித்தாள்.

"படைக்கு வீட்டுக்கு ஒரு ஆள்னு கேட்டாங்க. மூத்தவ பிள்ளையத் தள்ளிவிட்டுட்டு, உன் பிள்ளையப் பொத்தி வச்சுக்கிட்ட... நல்லா இரு அத்தை!"

விதாத் அடுப்பை மூட்டினாள். அப்போதுதான் தனூஸ் வந்தான். விதாத் அவன் முன்னால் காப்பி வைத்தாள். அவன் தொடவில்லை. எங்கள் ஊரில், கேட்க வந்ததைக் கொடுத்தால்தான் குடிப்பேன் என்று அதற்கு அர்த்தம். குடிக்காமல் எழுந்து போனால் வீட்டின் மானம் போயிற்று.

"என்ன வேணும் தம்பி?"

"மீலாத் வேணும் அண்ணி. ஷர்பெல் இடம் காலியா இருக்கு."

"ஒருத்தனத்தான் குடுத்தாச்சே..."

"நீங்க சொன்ன வார்த்தையத்தான் கேக்குறேன். ஆள் எடுக்க வந்த அன்னிக்கு, 'மூத்தவன் கல்யாணம் ஆனவன், விட்டுடுங்க, நான் பெத்தவனக் கூட்டிட்டுப் போங்க'ன்னு என் காலப் பிடிக்கலையா? அதக் கேட்டுட்டு ஷர்பெல் தானா வண்டியில ஏறினான்."

நவால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையா குடுத்த?" என்றான் மீலாத்.

"ஆமா." விதாத் அவனைப் பார்க்கவில்லை.

"அத்தை... இத்தனை பேச்சு பேசினேனே, ஏன் வாயத் தொறக்கல?"

"இவன் காதுல விழக் கூடாதுன்னுதான்."

"காப்பி ஆறுது அண்ணி," என்றான் தனூஸ்.

விதாத் அவன் கோப்பையை எடுத்துத் தானே குடித்தாள், அடி மண்டி வரை.

"மானம் போனாப் போகுது. எந்திரி!"

"நாளைக்கு வந்து கேட்டுக்கிட்டு நிக்க மாட்டோம். தூக்கிட்டுப் போவோம்."

"என்னைச் சுட்டுட்டுத் தூக்கு," என்று நவால் மீலாத்துக்கு முன்னால் வந்து நின்றாள். "என் புருஷன் எதுக்குச் செத்தான்னு இப்பத்தான் தெரிஞ்சுது. வெளிய போ!"

போய்விட்டான். நவால் விதாத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். "மன்னிச்சிடு அத்தை... இப்பவே கெளம்பலாம். ஜூனியே துறைமுகத்துல எங்க அண்ணன் இருக்கான், இவன சைப்ரசுக்குக் கப்பல் ஏத்திவிடுவான்..."

"துணிய எடுத்து வை மீலாத்," என்றாள் விதாத்.

அவன் துணியைத் தொடாமல் ஷர்பெலின் அறைக்குள் போனான். கதவைச் சாத்தி, உள்ளே பூட்டிக்கொண்டான்.