தொங்கிய தராசுகள்

"இந்த உலகத்தில் எவனாலும் உடைக்க முடியாத கணினி எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிறது."

போன மாதம் ஹட்டனில் நடந்த தொழிற்சாலைக்காரர்களின் கூட்டத்தில் மேலாளர் கஜேந்திரன் இப்படி அறிவித்தபோது முகத்தில் சிரிப்பே இல்லை. கணினியை யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் உடனே சொல்லிக்கொள்வோம் என்பதுதான் கூட்டத்தின் யோசனை. "நம்ம வீட்டுல களவு போனா பக்கத்து வீட்டுல போய் ஒப்பாரி வைக்கிறதா?" என்று கேட்டுவிட்டு அவர் ஒரு வடையை எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். யோசனை அத்தோடு முடிந்தது.

இன்று காலை அந்தக் கணினி பூட்டிக்கொண்டது. திறக்கப் பணம் கேட்டு ஒரு மிரட்டல் திரையில் நின்றது.

கணினி பழுதுபார்க்கும் அன்ஸாரின் கடைக்கு ஓடி வந்தவள் தொழிற்சாலையில் கிளார்க்காக இருக்கும் ஜெயந்தினி.

"பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியுமாம், அதனால நான்தான் செஞ்சேனாம். பின்னேரத்துக்குள்ள ஒத்துக்கலன்னா பொலிஸ்ல குடுத்துருவேன்னு மேனேஜர் தொர சொல்லிட்டாருங்க. அம்மா லயத்து வீட்டுல அழுதுகிட்டே கெடக்கு. நான் ஒண்ணுமே செய்யலங்க, அன்ஸார் நானா."

அன்ஸார் எழுந்தார். கடைப் பங்காளி சப்ராஸ் அதற்குள் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டான். "இன்டர்நெட்ல வந்திருப்பான் நானா, வெளிநாட்டுக்காரன்!"

தொழிற்சாலையின் இணையக் கம்பி போன வார மழையில் அறுந்து இன்னும் சவுக்கு மரத்தில் தொங்கியது. சப்ராஸின் வெளிநாட்டுக்காரன் அங்கேயே செத்தான்.

"பாத்தீங்களா? உள்ளுக்குள்ள இருக்கிற ஆள்தான்" என்றார் கஜேந்திரன்.

கணினியோடு இணைந்த மின்தராசில் புது ஈய முத்திரை மின்னியது. அன்ஸார் அதைத் தடவினார். "இது எப்ப?"

"நேத்து. தராசு பாக்கிற வீரய்யா வந்து, கணினியில பென்டிரைவ போட்டு தராச சரிபார்த்து முத்திர வச்சிட்டுப் போனார். இந்தப் பக்கத்து ஃபெக்டரி எல்லாத்துக்கும் அவர்தான்."

அன்ஸார் பக்கத்துத் தொழிற்சாலைகள் இரண்டுக்கும் போனார். "இங்க ஒரு கொறையும் இல்லீங்க" என்று இரண்டு மேலாளர்களும் ஒரே மாதிரி சிரித்தார்கள். இரண்டு இடத்திலும் கொழுந்து லொறிகள் வாசல் தாண்டி நின்றன. உத்திரத்தில் புதுக்கயிறு கட்டி, பழைய இரும்புத் தராசைத் தொங்கவிட்டு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் இருந்த மின்தராசுக்குச் சாக்குப் போர்த்தியிருந்தது. அன்ஸார் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார்.

பின்னேரம் மூன்று மேலாளர்களையும் கஜேந்திரனின் அறையில் கூட்டினார். ஜெயந்தினி கதவோரம் நின்றாள்.

"கொழுந்து வாடுற நேரத்துல மின்தராச மூடி வச்சிட்டு, இரும்புத் தராசுல யாராவது நிறுப்பாங்களா? கணினி பூட்டிக்கிட்டாத்தான் அதோட சேந்த தராசும் வேலை செய்யாது. மூடி வச்ச தராசுகள்லயும் இதே புது முத்திரை. வீரய்யா வந்துட்டுப் போன ஃபெக்டரியிலதான் பூட்டு விழுது. அவரோட பென்டிரைவ்ல வைரஸ் இருக்கு. அது அவருக்கே தெரிஞ்சிருக்காது. இந்தப் பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

பக்கத்துத் தொழிற்சாலை மேலாளர் இராமையா தரையைப் பார்த்தார். "எங்களுக்கு வெள்ளிக்கிழமையே வந்துருச்சுங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினார் கஜேந்திரன்.

"ஒப்பாரி வைக்கக் கூடாதுன்னீங்களே, சேர்."

"இன்னைக்கு வீரய்யா எங்க?" என்று சப்ராஸ் கேட்டான்.

"கினிகத்தேனப் பக்கம்" என்றார் இராமையா.

கஜேந்திரன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கினிகத்தேனைத் தொழிற்சாலைக்காரர் அவருடைய பரம எதிரி.

"வீரய்யா வந்துட்டாரா? பென்டிரைவ செருக விடாதீங்க. ஆமா... எங்களுக்கும் வந்துருச்சு." குரல் தாழ்ந்தது. "இல்லீங்க, எங்க கிளார்க் பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. வைரஸ் வந்தத பொலிஸுக்கும் சொல்லிர்றேன்."

வைத்தார். உள்ளே திரும்பிப் பார்க்காமல் அடுத்த தொழிற்சாலையின் எண்ணை அழுத்தினார்.