வேம்பு கழற்றிய ஓடம்

ஐப்பசி மாதத்துக் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே நீலக் கோடாய்த் தெரிந்த கொல்லிமலைக்குப் பின்னால் கதிரவன் இறங்க, கீழ்வானத்தில் முழுநிலா எழ, இரண்டு ஒளியும் ஒரே சமயத்தில் விழுந்த அந்த நீர்ப்பரப்பு பாதி செம்பொன்னாகவும் பாதி வெள்ளியாகவும் மின்னியது. அன்பார்ந்த வாசகர்களே, அந்த அழகில் நாம் மயங்கி நின்றுவிடலாகாது. அந்தப் பொன்னிலும் வெள்ளியிலும் மிதந்து வந்தவை தாமரை மலர்கள் அல்ல, பிணங்கள். சிலவற்றின் மார்பில் அம்பு தைத்திருந்தது. பலவற்றின் உடலில் காயமே இல்லை. அவை நளிர்சுரம் தின்று துப்பியவை.

"போர் ஒரு பக்கம், சுரம் ஒரு பக்கம்; எமனுக்கு இரண்டு கையிலும் வேலை" என்று அக்காலத்து மக்கள் சொல்லிக்கொண்டார்கள். வடகரையில் வாகைக்கோட்டை, தென்கரையில் நாவல்கோட்டை. ஒரு தலைமதகின் உரிமைக்காக மூண்ட சண்டையில் இரு கரையும் ஆண்பிள்ளைகளை ஆற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மழையோடு சுரம் வந்தது. உடலை உலுக்கி, பல்லைக் கிட்டவைத்து, குழந்தை கிழவன் பாராமல் கொன்றது.

அதற்கு மருந்து இருந்தது. ஆனால் ஒருவரிடம் இல்லை. நிலவேம்பும் சீந்திலும் கொல்லிமலையார் கொண்டுவந்து இறக்குவது வடகரையில். மிளகும் சுக்கும் வணிகர் பண்டகசாலையில் குவிந்திருப்பது தென்கரையில். ஒன்றில்லாமல் மற்றது வெறும் கசப்பு நீர். ஆகவே, வெட்டிக்கொண்டு மடியும் இரண்டு கோட்டைகளும் மலையாரையும் ஓடக்காரரையும் நடுவில் வைத்து ஓர் உடன்பாடு செய்துகொண்டன. முகப்பில் வேப்பந்தழை மாலையும் அதன்கீழ் விளக்கும் கட்டிய ஓடம் மருந்து ஓடம். அதில் ஏறுவோர் முழங்கை வரை மஞ்சள் நீரில் கை தோய்க்க வேண்டும். இரும்பு ஏந்தக் கூடாது. ஆற்று நடுவேயுள்ள மணல்திட்டில் மூட்டை கைமாறும். வேம்பு கட்டிய ஓடத்தை நோக்கி எவனும் நாணேற்றலாகாது. வேம்பு இல்லாமல் எது வந்தாலும் கேள்வியின்றி எய்யலாம்.

இதற்கு மேல் மலையார் விதித்த நிபந்தனை ஒன்று. அதை அவர்கள் தலைவி கொற்றி, வாகைக்கோட்டைத் துறையில் வெற்றிலையை மென்றபடி மறுபடியும் ஒருமுறை ஓதிக்கொண்டிருந்தாள்.

"வேம்பு கட்டின ஓடத்துல ஒரு சொட்டு ரத்தம் விழுந்துச்சுன்னு வெய்யி, அன்னிக்கே மலைப்பாதையில மரத்த வெட்டிப் போட்டு அடைச்சிருவோம். அப்புறம் ஒங்க ராசாவே வந்து கால்ல விழுந்தாலும் ஒரு எல கெடைக்காது. ஆமா."

ஓடத்தலைவன் முனையன் சிரித்தான். "கொற்றி, நீ துப்புற வெத்தலச் சாறே ரத்தம் மாதிரிதான் இருக்கு. தள்ளி நின்னு துப்பு."

"ஒன் மூஞ்சியில துப்புனா அந்தச் சந்தேகம் வராது."

"ரெண்டு பேரும் வாயை மூடி மூட்டையைப் பாருங்கள்" என்ற குரல் கேட்டு இருவரும் அடங்கினார்கள். வந்தவள் நிறைமொழி நங்கை. வாகைக்கோட்டையின் ஆதுலசாலையில், அதாவது நோயாளிகளைக் கிடத்திப் பார்க்கும் அறச்சாலையில், மருந்துப் பண்டாரத்துக்குத் தலைவி. முழங்கை வரை மஞ்சள் ஏறிய கைகள். உறக்கமில்லாமல் சிவந்த கண்கள். ஆயினும் அந்தக் கண்கள் ஒருவனைத் தேடின. அவள் தேடியவனே குதிரையிலிருந்து குதித்தான்.

வாகைக்கோட்டைப் படைத்தலைவன் நக்கன் வீரட்டன் அவன். வரும் தையில் அவளுக்கு மாலை சூட்டப் போகிறவன். அன்று பிற்பகல் மதகடியில் நடந்த மோதலின் குருதி அவன் தோளில் இன்னும் ஈரமாயிருந்தது.

"தங்கள் இரத்தமா?" என்றாள் நங்கை.

"பாதி. மீதி நாவல்கோட்டையானுடையது. அவன் திருப்பிக் கேட்க வரமாட்டான்."

"மூன்றாவது ஓடம் எங்கே?"

"இங்கே ஆழம் போதவில்லை. நாணல் முனைக்கு நகர்த்தி அங்கே ஏற்றச் சொன்னேன். நடு ஆற்றில் வந்து சேர்ந்துகொள்ளும்." சற்றுத் தயங்கினான். "நங்கை, இன்று நீ போக வேண்டாம். முனையன் பார்த்துக்கொள்வான்."

"ஏன்?"

"களைத்திருக்கிறாய். என் தாய் உன்னைக் கேட்டார்கள்."

"தங்கள் தாயார் இன்று காலை கண் திறந்தார்கள், கஞ்சி கேட்டார்கள். அதற்குக் காரணமான மிளகு போன முறை அக்கரையிலிருந்து வந்தது. இன்று நான் போனால்தான் நாளைக்கும் கஷாயம்." அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அதை அவள் கண்டாள். காதலித்த மனம் அதற்குக் கவலை என்று பெயர் வைத்துவிட்டது.

இரண்டு ஓடங்கள் புறப்பட்டன; ஒன்றில் நங்கையும் முனையனும், மற்றதில் கொற்றி. நாணல் முனையிலிருந்து மூன்றாவது வந்து பின்னே சேர்ந்தது. திட்டில் தீவட்டிகள் தெரியத் தொடங்கிய சமயம், துடுப்பைப் பிடித்திருந்த முனையன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"தாயி, அந்த மூணாவது ஓடத்தப் பாருங்க. காஞ்ச எலய ஏத்துன ஓடம் தண்ணி மேல வாத்து மாதிரி நீந்தணும். இது செனை எருமை மாதிரியில்ல முங்கி வருது!"

நங்கை பார்த்தாள். நிலவொளியில் அதன் விளிம்புக்கும் நீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"நனைந்துவிட்டதோ?"

"நனஞ்சா இத்தன கனமா? எலைக்கு எலும்பு மொளச்சிருக்கும்."

"அணைத்து ஓட்டு."

ஓடங்கள் உரசிய கணத்தில் அவள் தாவினாள். துடுப்புப் பிடித்தவர்கள் எல்லாரும் மஞ்சள் கையர். ஒருவரையும் அவளுக்குத் தெரியவில்லை. முதல் மூட்டையின் வாயைப் பற்றி இழுத்தாள். நிலவேம்பு இல்லை. வைக்கோல். வைக்கோலுக்குள் கையை விட்டாள். விரலில் சில்லென்று இரும்பு பட்டது. பாய்க்கு அடியில் ஒருவன் மூச்சுவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன். மடிந்து படுத்திருந்த கவசங்களின் மேல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

முன்துடுப்புக்காரன் முக்காட்டை விலக்கினான். வீரட்டன்!

"கத்தாதே" என்றான் மெல்ல. "நாவல்கோட்டைத் தலைவர் ஏனாதி மழவராயர் சுரத்தில் செத்துவிட்டார் என்று ஒற்றன் சொல்கிறான். அங்கே நிமிர்ந்து நிற்க ஆளில்லை. மருந்தை உள்ளே எடுக்கக் கோட்டைக் கதவிலுள்ள சிறு திட்டிவாசலைத் திறந்து வைத்திருப்பார்கள். பொழுது விடிவதற்குள் போர் முடிந்துவிடும்."

"இதில் இருந்த மருந்து?"

"காய்ந்த இலைதானே, நங்கை. நாணலில் கொட்டினோம்."

"காய்ந்த இலை!" என்றாள் அவள். "நாளை முதல் மிளகை யார் தருவார்? மலையிலிருந்து யார் இறங்குவார்? தங்கள் தாயார் வாயில் எதை ஊற்றுவேன், வெற்றிச் செய்தியையா?"

"நாவல்கோட்டை நமதானால் மிளகும் நமது."

"பண்டகசாலைக்குத் தீ வைத்துவிட்டுத்தான் அவர்கள் சாவார்கள். தாங்களாயிருந்தால் வைக்கமாட்டீர்களா?"

அவன் துடுப்பை அழுத்தினான். வைத்திருப்பான், அது இருவருக்கும் தெரியும்.

திட்டு நெருங்கியது. போர்வை போர்த்திய உருவம் ஒன்று, கையில் தீவட்டியுடன் நீரில் இறங்கி நின்று, ஓடத்தைப் பிடிக்கக் காத்திருந்தது. ஆயுதமில்லை. அதற்குப் பின்னே, திட்டின் கோடியில், நாவல்கோட்டை வில்லாளிகள் விதிப்படி வில்லைத் தாழ்த்தி நின்றார்கள்.

அவள் கத்தினால்? வேம்பு கட்டிய ஓடத்தில் வெட்டு விழும், மலைப்பாதை அடைபடும். கத்தாவிட்டால்? அந்தப் போர்வைக்காரனின் கழுத்தில்தான் முதல் வெட்டு. அப்போதும் மலைப்பாதை அடைபடும். இரு கரையிலும் பாயில் நடுங்கிக் கிடக்கும் அத்தனை உயிரும் இந்த ஒரு சாண் நீரில் மிதந்துகொண்டிருந்தன.

நிறைமொழி நங்கை வைக்கோலிலிருந்து ஒரு குறுவாளை உருவினாள்.

"பிடி அவளை!" என்று ஒரு வீரன் பாய்க்கு அடியிலிருந்து எழுந்தான். அவள் முகப்புக்கு ஓடினாள். அவன் வாளை ஓங்கினான். "தொடாதே!" என்று கர்ஜித்த வீரட்டன் அவன் மணிக்கட்டைப் பற்றித் திருகினான். அந்த இடைவெளி போதுமாயிருந்தது. விளக்கின் ஒளியில் திட்டிலிருந்த அத்தனை கண்ணும் காணும்படி, அவள் வேப்பமாலையை ஒரே அறுப்பில் அறுத்து, தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, ஆற்றில் எறிந்தாள்.

"இது மருந்து ஓடம் அல்ல! போர் ஓடம்!"

தாழ்ந்திருந்த விற்கள் நிமிர்ந்தன. பிறகு நாண்கள் ஒருசேர அதிர்ந்தன.

வாளோங்கியவன் தொண்டையில் அம்பு புகுந்து பிடரியில் வெளிவந்தது. எழுந்தவர்கள் எழுந்தபடியே விழுந்தார்கள். விழுந்தவர்கள்மேல் ஏறி எழுந்தவர்களும் விழுந்தார்கள். கவசத்தோடு நீரில் குதித்தவனைக் கொள்ளிடம் திருப்பித் தரவில்லை. ஒருவன் தன் வயிற்றில் நின்ற அம்பைப் பிடுங்கி, அதையே கொண்டு நங்கையைக் குத்த வந்தான். பக்கத்து ஓடத்திலிருந்து முனையன் வீசிய துடுப்பு அவன் மண்டையைப் பிளந்து அவனை ஆற்றில் தள்ளியது. நங்கையின் தோளிலும் ஓர் அம்பு பாய்ந்தது. இன்னொன்று அவள் மார்புக்கு வந்தது. குறுக்கே வந்த வீரட்டனின் விலாவில் அது நின்றது. ஓடம் சாய்ந்தது. வைக்கோலும் வாளும் குருதியும் உயிரும் ஒன்றாய்க் கவிழ்ந்தன.

அவனுடைய தலைமயிரைப் பற்றிய கையை அவள் விடவில்லை. முனையன் இருவரையும் மணலில் இழுத்துப் போட்டான். நாவல்கோட்டை வீரன் ஒருவன் வீரட்டனின் மார்பில் ஈட்டியை வைத்தான்.

"நில்லுங்கடா!" கொற்றி மற்ற ஓடத்திலிருந்து இறங்கி வந்தாள். வேடிக்கைப் பேச்செல்லாம் போய் அவள் முகம் பாறையாய் இருந்தது. "எனக்கு ஒண்ணு தெரியணும். எது முதல்ல விழுந்துச்சு? வேம்பா, ரத்தமா?"

"வேம்பு" என்றாள் நங்கை.

"நீ சொல்லுவ அம்மணி. ஒன் ஆளு கெடக்கான்."

"வேம்புதான் தாயி, சத்தியமா" என்றான் முனையன்.

"நீயும் அவ கரைக்காரன்."

"வேம்பு" என்றது மூன்றாவது குரல். போர்வை உருவம் தள்ளாடி வந்தது. பற்கள் நடுக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தன. "நான் பார்த்தேன். மாலை நீரில் விழுந்து என் முழங்காலில் பட்டது. அதன் பிறகே என் ஆட்கள் எய்தார்கள். எங்களைக் கொல்ல வந்த ஓடத்துக்காக நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?"

"ஒன் ஆட்களா? யாருய்யா நீ? மூட்டை தூக்க வந்தவன் சொல்ல நம்பியா நான் மலைக்குப் பதில் சொல்றது?"

அந்த மனிதர் போர்வையை நழுவவிட்டார். சுரம் வற்றவைத்த மார்பில், முழங்கை வரை ஏறிய மஞ்சளுக்கு மேலே, நாவல் மரம் பொறித்த தங்கப் பதக்கம் நிலவில் ஒளிர்ந்தது. ஈட்டி பிடித்திருந்தவன் மணலில் மண்டியிட்டான்.

"ஏனாதி மழவராயர்!" என்று முனகினான் வீரட்டன். "செத்துவிட்டதாக..."

"பாதி செத்தேன், பையா. மூட்டை தூக்க என் கோட்டையில் வேறு ஆளில்லை. நீ எண்ணியது அதில் சரிதான். நான் திறந்து வைத்திருந்த திட்டிவாசலில் நீ நுழைந்திருந்தால் தடுக்க ஒரு கிழவிகூட எழுந்திருக்கமாட்டாள்." அவர் நங்கையின் பக்கம் திரும்பினார். "பெண்ணே, உன் ஆட்களை என் அம்புக்குக் கொடுத்தாய். மிளகு மூட்டைகளை எடுத்துக்கொள். குறைந்துபோன மருந்துக்காக நான் மிளகைக் குறைக்கமாட்டேன். ஆனால் இவன் என்னிடம் இருப்பான். இனி வரும் வேம்போடத்தில் ஒரு ஊசி இரும்பு கண்டாலும் இவன் தலை உன் கரைக்கு மிதந்து வரும். உன் அரசருக்குச் சொல்."

கொற்றி வாயிலிருந்ததை மணலில் துப்பினாள். "மலைப்பாதை தெறந்தே இருக்கும்" என்றாள். "நாணல்ல கொட்டினதுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல. அடுத்த நடைக்கு நாங்க ஏறி எறங்கணும்."

"குறைந்த மூட்டைகள் எங்கள் பங்கில் குறையட்டும்" என்றாள் நங்கை. "அக்கரைப் பங்கை இப்போதே இறக்குங்கள்."

வீரட்டன் தலையைத் தூக்கினான். "என் தாய்..."

"அவர்கள் வாயில் ஊற்ற வேண்டியதைத் தாங்கள்தான் நாணலில் ஊற்றிவிட்டீர்கள். இருப்பதை எல்லாருக்கும் பகிர்வேன். அவர்களுக்கும் ஒரு வாய் கிடைக்கும். இரண்டாவது வாய்க்கு நான் உறுதி சொல்லமாட்டேன்."

அவள் அவன் அருகே மண்டியிட்டு, அறுந்த மாலையிலிருந்து ஒதுங்கிக் கிடந்த ஒரு வேப்பங்கொத்தை எடுத்துத் தன் மஞ்சள் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"கொள்ளிடத்தின் மீது ஆணை. இரு கரையிலும் கடைசி நோயாளி தலைக்கு நீர் ஊற்றிக்கொள்ளும் நாள்வரை ஒவ்வொரு ஓடத்திலும் முதல் ஆளாய் நான் ஏறுவேன். ஒவ்வொரு மூட்டையிலும் என் கை நுழையும். எம் அரசரே ஒளிந்து வந்தாலும் வேம்பை அறுப்பேன். அதுவரை இந்தக் கைகளில் மருந்துக்கு மட்டுமே மஞ்சள், மணத்துக்கு இல்லை."

வீரட்டன் கண்களை மூடினான். மூடியபடியே கேட்டான்: "அந்த அம்பில் நான் செத்திருந்தால், நங்கை?"

அவள் எழுந்தாள். தோளில் அம்பு இன்னும் நின்றது. முனையன் முதல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"அழுதிருப்பேன்" என்றாள். "மூட்டைகளை இறக்கிவிட்டு."