பக்கத்து அறையில் வாங்கிய மூச்சு

அழுத்தியது இங்கே, மூச்சு வாங்கியது பக்கத்து அறையில்.

நர்ஸ் கையை நிறுத்தாமல் காதைத் தீட்டிக்கொண்டாள். டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் மத்தியானமே படுத்துவிட, மூச்சு மெஷினும் நின்றுபோனது. அப்போதிலிருந்து கட்டிலில் கிடக்கும் சிறுமியின் முகமூடியில் மாட்டிய ரப்பர் பையை அவள்தான் கையால் அழுத்திக்கொண்டிருக்கிறாள். விட்டால் பிள்ளை போய்விடும். மருந்து வண்டியைத் தேடிப் போன டாக்டர் போனவர்தான். வெளியே புழுதிக்காற்று கிளம்பி, பள்ளிக்கூடமாக இருந்து ஆஸ்பத்திரியான அந்தக் கட்டடத்தின் ஜன்னல்களை மங்கவைத்தது. மருந்து நெடியும் காய்ந்த ரத்த வாடையும் வெளியேற வழியில்லாமல் வகுப்பறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன.

பக்கத்து அறையில் இருப்பவர்கள் மூச்சுவிடக் கூடாது. குண்டு விழுந்த இடத்திலிருந்து வந்தவர்களில், பிழைக்கமாட்டார்கள் என்று ஒதுக்கிய ஆறு பேர். ஆறு பேரும் அடங்கிவிட்டார்கள். போர்வையை முகம்வரை இழுத்துவிட்டது அவள்தான். இந்தப் பையே காலையில் அவர்களில் ஒருவனிடம் இருந்ததுதான். இருப்பது ஒரே பை. "இவ பொழைப்பா, அவர் பொழைக்கமாட்டார், எடுங்க" என்றார் டாக்டர். எடுத்தாள். அவன் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தான். சே, பாழாய்ப்போன வேலை!

"ரேடியோ, அந்தப் பக்கம் ஏதாவது கேக்குதா?"

வாய் ஓயாத அட்டெண்டருக்கு எல்லோரும் வைத்த பெயர் அது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், சிஸ்டர். வெறும் காத்து. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல நீங்க."

"கொஞ்சம் போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"செத்தவங்க எங்க எந்திரிச்சு ஓடப்போறாங்க?" சிரித்துக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் நடுக்கதவு சாத்திக்கொண்டது.

அழுத்தினாள். சுவருக்கு அப்பால் கோழை கரகரக்க ஒரு நீண்ட இழுப்பு. சிறுமியின் நெஞ்சு முன்போல ஏறவில்லை. முகமூடியைச் சரிசெய்தாள், தலையை நிமிர்த்தினாள், தாடையைத் தூக்கிப் பிடித்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அழுத்தினாள். இரண்டு இழுப்பு. மறுபடி. மூன்று. அங்கே கூடக் கூட இங்கே குறைந்தது.



"ரேடியோ!"

நடுக்கதவு திறக்கவில்லை. கூப்பிட்டால் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுகிற மனுஷன்.

கையை நிறுத்திப் பார்த்தாள். அங்கே அமைதி. இங்கே உதடு நீலம் பாய்ந்தது. ஐயோ! அழுத்தினாள். காற்று அங்கேதான் போனது.

"எடுத்தது நான்தானே," என்றாள், நடுக்கதவைப் பார்த்து. "என்னை என்ன வேணா பண்ணுங்க. பிள்ளைய விட்ருங்க."

கதவு திறந்தது.

ஆறு போர்வைகள். இல்லை. ஏழு. ஏழாவதின் அடியில் ரேடியோவின் செருப்புக் கால்கள். எதிலும் அசைவில்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்ளே குழிந்திருந்தது. ஏழிலும். காத்திருந்தன.

சிறுமியின் உதடு கறுத்தது. அழுத்தக் கூடாது. அழுத்தாவிட்டால் பிள்ளை போச்சு. கடவுளே.

"அக்கா, நிறுத்தாதீங்க."

சிறுமியின் குரல். கட்டிலிலிருந்து அல்ல. அந்த அறையிலிருந்து.

அழுத்தினாள்.

ஏழு போர்வைகளும் ஒன்றாக எழுந்து உட்கார்ந்தன.