செலவுணரியின் தாராளம்

பேச்சியம்மாளின் மூக்குக் கண்ணாடியைச் செலவுணரி ஒரே நொடியில் கற்பித்தல் கருவியாக ஏற்றுக்கொண்டது. அப்போதுதான் செண்பகவல்லி டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது.

கரும்பலகைக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒட்டியிருந்தது அந்தக் கருவி. ஆசிரியர் கைக்காசில் வாங்கிய பொருளைக் காட்டினால் போதும், ரசீது வேண்டாம். அந்தப் பொருளால் பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்பதை முகங்களைப் பார்த்தே அளந்து, அந்தச் செலவுக்கு வருமான வரிக் கழிவு கொடுத்துவிடும். சாத்தூர் பக்கத்து அந்த அரசுப் பள்ளிக்கு அது வந்து மூன்று வருடமாகியும் செண்பகவல்லி எதையும் காட்டியதில்லை. கரும்பலகை தெரியாமல் தவித்த ஐந்தாம் வகுப்புப் பேச்சியம்மாளுக்குக் கண்ணாடி வாங்கிய மாதம் செலவு கையை மிகவும் கடித்தது. அதனால்தான் காட்டினாள்.

"வேறு ஏதாவது வாங்கினீர்களா, டீச்சர்?" என்று குழைந்தது கருவி.

இடைவேளையில் ஆறாம் வகுப்பு ஜெரால்டு சாரிடம் கேட்டாள். "வரி வாங்குறப்ப கசக்கிப் பிழியிறாங்க. கழிக்கிறப்ப மட்டும் ஏன் சார் கேட்டுக் கேட்டுக் குடுக்குது?"

"நல்லது நடந்தாலும் நம்ப மாட்டீங்களா டீச்சர்?"

நம்பவில்லை. மறுநாள் வீட்டுக் குக்கரைக் கொண்டுவந்து, நீராவிப் பாடம் நடத்தி, அதையும் செலவில் காட்டினாள்.

"இதன் மூடியில் சாம்பார் கறை இருக்கிறது. ஏற்பதற்கில்லை" என்றது செலவுணரி.

வகுப்பே சிரித்தது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. பொய்யை ஏற்காத கருவி பொய் சொல்லவும் சொல்லாது என்று முடிவு கட்டினாள்.

அதன்பிறகு எதையும் ஒளிக்கவில்லை. சாக்பீஸ், சார்ட் அட்டை, சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளுக்கு பிஸ்கட், மின்விசிறி ரிப்பேர். எல்லாவற்றையும் அது ஏற்றது. மற்ற ஆசிரியர்களையும் அவளே நச்சரித்தாள். "மறைக்காதீங்க. நாம இவ்வளவு போடுறோம்னு தெரிஞ்சாத்தானே, இங்க என்னென்ன இல்லைன்னு மேல இருக்கிறவங்களுக்குப் புரியும்?"

ஜூனில் பள்ளி திறந்த அன்று சுற்றறிக்கை வந்தது. செலவுணரியின் பதிவுகளின்படி எல்லா வகுப்பறைகளும் நிறைவாக உள்ளதால், இந்த ஆண்டு முதல் பொருட்களுக்கான மானியம் நிறுத்தப்படுகிறது.

செண்பகவல்லி காலி வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். "மேல என்ன சொன்ன நீ? இல்லாததைத்தானே நாங்க வாங்கிப் போட்டோம்?"

"நான் பார்த்ததை அப்படியே அனுப்பினேன், டீச்சர். நான் பார்த்தபோது எல்லாம் வகுப்பில் இருந்தன."

"அப்ப இல்லைங்கிறதை உன்கிட்ட எப்படித்தான் காட்டுறது?"

"முப்பது நாள் ஒரு பொருள் இல்லாமலே வகுப்பு நடந்தால், அது குறை என்று பதிவாகும்."

வெளியே மணி அடித்தது. தோளில் அட்டைப் பெட்டியோடு ஜெரால்டு சார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கடைக்காரன் பழைய விலைக்கே தந்தான் டீச்சர். நாப்பத்திரண்டு நோட்டு, உங்க வகுப்புக்கு. இறக்கட்டுமா, திருப்பிக் குடுத்துரவா?"

அவள் கருவியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். வராந்தாவில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"மேஜையில வைங்க சார்" என்றாள்.