தைலக் குப்பியில் தொலைந்த சாம்ரான்

பாங்காக் படகுத்துறைப் போலீஸ் சாவடியில் சப்-இன்ஸ்பெக்டர் தாவின் நூடுல்ஸை முதல் வாய் உறிஞ்சும் நேரம் பார்த்து, ஓர் அம்மாள் வந்து தைலக் குப்பி ஒன்றை மேஜைமேல் டக்கென்று வைத்தாள்.

“என் வீட்டுக்காரரைக் காணோம்.”

“எப்பலேர்ந்துக்கா?”

“செத்துப்போனது போன வருஷம். காணாமப்போனது இன்னைக்கு.”

தாவின் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். இனி அந்த நூடுல்ஸ் ஊறி ஊறிப் படகுக் கயிறு கனத்துக்கு வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அவள் பெயர் ராம்பை. தொலைவிலிருக்கும் உபோன் ஊர்க்காரி. ஒரே நாளில் ஒன்பது புத்தர் கோவில் பார்க்க வேண்டும் என்பது கணவன் சாம்ரானின் ஆசை. ‘அடுத்த வருஷம், அடுத்த வருஷம்’ என்றே ஆயுளை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார் மனிதர். ஆகவே சிதையில் பொறுக்கிய எலும்புத் துண்டை, அவர் மூக்கைவிட்டு ஒருநாளும் பிரியாத தைலத்தின் காலிக் குப்பியிலேயே போட்டுக்கொண்டு, இவள் தனியாகக் கிளம்பி வந்தாள். முட்டையைத் தரையில் உடைத்தால் பொரிந்துவிடும் வெயில். ஒன்பதாவது கோவிலில், புத்தரைக் காட்டலாமென்று மூடியைத் திறந்தால் உள்ளே நிஜத் தைலம். ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறது. அவரை விட்டுவிட்டு எப்படி ஏறுவது?

“உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான் தம்பி. சந்தையில கையை விட்டா ஆளைக் காணாது.”

கான்ஸ்டபிள் கோப் என்பவருக்குக் கண் பளபளத்தது. எலும்பு திருடும் மந்திரவாதிக் கூட்டம் ஒன்று நகரத்தில் நடமாடுவதாக அவர் அதற்குள் முடிவுகட்டி, தலைவனின் மீசையைக்கூட வர்ணிக்கத் தொடங்கியிருந்தார்.

தாவின் கேட்டது ஒன்றுதான்: குப்பி இருந்த பை வழியில் எங்கே திறந்தது? மூன்றாவது கோவிலில் மட்டும் என்றாள் ராம்பை. வாசல் மேஜையில் தானவாளி வாங்கினாளாம். சோப்பு, அரிசி, காவித்துணி, தைலம் எல்லாம் அடங்கிய மஞ்சள் வாளி; செத்தவர் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் பிக்கு அவருக்காக ஓதுவார். பிக்குவின் முன் மண்டியிட்டபோது, ஏற்கெனவே கிழிந்திருந்த கண்ணாடித்தாள் வழியாகச் சாமான்கள் உருள, இவள் பையும் கவிழ, அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தாளாம். திரும்பப் போய்க் கேட்டதற்கு, நிர்வாகி புன்லெர்ட் சரக்கறையையே திறந்து காட்டிவிட்டார். இருந்த குப்பிகள் அத்தனையும் உறை பிரிக்காத புதுசு.

தாவின் மேஜைமேல் இருந்த குப்பியைத் திறந்து நகத்தால் அழுத்தினார். தைலம் கல்லாக இருந்தது. லேபிள் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெளிறிப்போன வெள்ளை.

“கோப், வண்டியை எடு.”

மோட்டார் சைக்கிளில் மூன்று பேர். பாங்காக் போக்குவரத்தில் ஆமைகூட அவர்களை முந்திப் போய் ஒரு டீ குடித்திருக்கும்.

கோவில் வாசலில் வாளி விற்கும் பெண்ணையும் புன்லெர்ட்டையும் தாவின் ஒன்றாக நிறுத்தினார்.

“யாரும் திருடல. இந்த அக்காவே மாத்தி அள்ளிட்டாங்க. இவங்க கையில வந்த குப்பி வருஷக்கணக்கா ஒரே பக்கமா வெயில்ல காஞ்சது. வெயில் அடிக்கறது சரக்கறையிலயா, இந்த மேஜையிலயா?”

புன்லெர்ட் தன் செருப்பைப் பார்த்தார்.

“தெனம் இத்தனை வாளி விக்குது. வித்ததெல்லாம் சரக்கறைக்குப் போனா, ஒரு குப்பியாவது வருஷக்கணக்கா வெளியில காயுமா? வாளி சரக்கறைக்குப் போறதே இல்ல. பிக்கு தொட்டதும் பின்வாசல் வழியா இங்கயே வந்துடுது. உங்க வீட்டுக்காரர் வாளியோட சுத்திக்கிட்டு இருக்கார்க்கா.”

கரண்ட் பில், கூரை ஒழுகல் என்று புன்லெர்ட் முனகியதை யாரும் கேட்கவில்லை. மேஜையில் கிழிந்த வாளி இல்லை. உள்ளே, ஒரு வங்கி ஊழியர் டேப் ஒட்டிய வாளியைப் பிக்குவிடம் நீட்டிக்கொண்டிருந்தார். ஓதி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு தாவின் அதிலிருந்த குப்பியை எடுத்துக் குலுக்கினார். கலகலவென்றது.

காலையிலிருந்து அந்த வாளி ஏழெட்டுச் சுற்று வந்திருக்கும் என்று விற்பனைப் பெண் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டாள்.

“நான் ரோடு ரோடா வெந்தேன். இவரு ஃபேனுக்கு அடியில உக்காந்து ஊரார் வீட்டுச் செத்தவங்களுக்கு ஓதுனதையெல்லாம் கேட்டிருக்காரு.” ராம்பை குப்பியை முறைத்தாள். பிறகு குரல் இறங்கியது. “இவரு பேரைத்தான் யாருமே சொல்லல. நான்கூட அவசரத்துல அம்மா அப்பா பேரைச் சொல்லிட்டு எந்திரிச்சிட்டேன்.”

புன்லெர்ட் சரக்கறைக்குப் போய், உறை பிரிக்காத சாமான்களாகப் பொறுக்கிப் புது வாளியில் நிரப்பிக்கொண்டு வந்து அவள் முன் வைத்தார்.

ராம்பை மண்டியிட்டாள். இந்த முறை குப்பியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். யார் பெயருக்கு என்று கேட்டார் பிக்கு.

“சாம்ரான். கொஞ்சம் சத்தமா ஓதுங்க சாமி. அவருக்குக் காது மந்தம்.”