கலையாத மூச்சு

அலுமாரிக் கண்ணாடியில் பட்ட மூச்சு கலையவில்லை.

ஞானேஸ்வரி தலை சீவிக்கொண்டிருந்தாள். மலையூரான பன்விலயில் காலை பத்து மணியானாலும் பனி விலகாத நாட்கள் அவை. கண்ணாடிக்குக் கிட்டே நின்றால் வாய்க்கு நேரே வெள்ளையாய் ஒரு வட்டம் படியும். நாலு தடவை சீப்பை இழுப்பதற்குள் மறைந்துவிடும். இன்று வெள்ளை மறைந்தது, வட்டம் இருந்தது. மழை நாளில் பஸ் நிற்கிற இடத்தில் தேங்கும் தண்ணீரில் எண்ணெய் மிதக்குமே, அதுபோல ஊதாவும் பச்சையுமாய் மெல்லிய படலம். துவாயால் துடைத்தாள். இழுபட்டதே தவிர போகவில்லை.

பிறகு அந்த வாடை வந்தது. ஈரக் காலுறையைப் பைக்குள் கட்டி வைத்து நாலு நாள் கழித்துத் திறந்ததுபோல. அதற்கு அடியில் கருகிய எண்ணெய்.

அவளுக்குத் தெரிந்த வாடைதான். பதினெட்டு நாட்களுக்கு முன், வெளிநாட்டில் இரண்டு வருட வீட்டு வேலையை முடித்துத் திரும்பியபோது, விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கையில் தலைக்கு மேலிருந்த காற்றுத் துளையிலிருந்து இறங்கிய வாடை. பின்னால் யாரோ இருமினார்கள், பிறகு எல்லோரும். பணிப்பெண் ஒன்றுமில்லை என்று சிரித்த முகத்தோடு கை காட்டிப் போனாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் வாடை போய்விட்டது. இறங்கும்போது பக்கத்து இருக்கையில் வந்த அக்குறணை ஊர் ரபீகாவுக்குப் பையின் பிடியைச் சுற்றி விரல்களை மடக்க முடியவில்லை. ஞானேஸ்வரிதான் தூக்கிக் கொடுத்தாள். வழியெல்லாம் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசி வந்த இருவரும் நம்பர் மாற்றிக்கொண்டார்கள்.

விமானத்தில் தந்த நீலப் போர்வையை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பி வருகிற பெண்கள் எல்லோரும் எடுத்து வருவதுதான்.

அந்தப் போர்வைதான் மகளை அவள் கிட்டே கொண்டுவந்தது. மூன்று வயதில் விட்டுப்போன நிரோஷா ஐந்து வயதில் அவளை 'ஆன்ட்டி' என்றாள். வளர்த்த வீரம்மா அத்தையின் பின்னாலிருந்து வெளியே வரவேயில்லை, போர்வையைப் பார்க்கும்வரை.

"இது ப்ளேன்ல இருந்ததா?"

"ஆமா. மேகத்துக்கு மேல இருந்தது."

"அப்ப நான் இதுக்குள்ளதான் படுப்பேன்."

"அம்மாவும் அதுக்குள்ளதான் படுக்கணும். ஒன்னுதான் இருக்கு."

சிறுமி யோசித்தாள். "சரி ஆன்ட்டி. ஆனா ஒதைக்கக் கூடாது."

அன்றிலிருந்து பதினைந்து இரவுகள், மூக்கோடு மூக்கு.

வீட்டுக்குள்ளும் அந்த வாடை வந்து வந்து போனது; போர்வையில்தான் இருக்கிறது என்று நினைத்தாள். மூன்று முறை துவைத்தாள். பையைக் கவிழ்த்தாள், சுவரை மோந்தாள், தலையணையை மோந்தாள். கண்டியில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் கணவன் சதீஸ் சாயங்காலம் வந்து பார்த்துச் சிரித்தான்.

"என்னா புள்ள, வந்த நாள்லருந்து மோப்பம் புடிக்கிற? நாறுனா அது என் கால் சப்பாத்தாத்தான் இருக்கும்."

சிரித்தாலும் அவளை டவுன் டொக்டரிடம் கூட்டிப்போனான். இரத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரி, அலைச்சல், நல்லாத் தூங்குங்க என்றார்கள். ஆனால் கோப்பைகள் கையிலிருந்து நழுவின. வலது கை விரல்கள் தானாக ஆடின. நேற்றுக் குழம்பை வைத்துக்கொண்டு நின்றபோது உப்பு என்ற சொல் வரவில்லை. "அந்த வெள்ளையா இருக்குமே," என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

இன்று போர்வை வெளியே கொடியில் கிடக்கிறது. அப்படியும் வீட்டுக்குள் வாடை.

ரபீகாவின் நம்பருக்குப் போனில் கோல் எடுத்தாள். ஒரு பையனின் குரல் வந்தது.

"நான் மகன் பவாஸ். உம்மாக்குப் பேச ஏலா."

"நான் பன்வில ஞானேஸ்வரி, தம்பி. அம்மா பக்கத்துல ப்ளேன்ல வந்தேன். அந்த வாடை..."

அந்தப் பக்கம் அவன் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ப்ளேனுக்குள்ள வார காத்த எஞ்சின்ல இருந்துதான் எடுக்குறாங்களாம் அக்கா. எண்ணெ கசிஞ்சா அதுவும் சேந்து வருமாம். நெட்ல தேடிப் பாத்தேன். ஆனா அது உம்மாட மூச்சுல இன்னும் வருதே, அது ஏன்னு எங்கயும் இல்ல."

"மூச்சுலயா?"

"எங்க யாரையும் கிட்ட உடுறாங்க இல்ல. நீங்க எடுத்தா சொல்லச் சொல்லி ஒன்னு எழுதித் தந்தாங்க."

"என்னான்னு?"

"புள்ளைட முகத்துக்கு நேரா படுக்க வாணாம்னு."

போன் விரலிலிருந்து நழுவியது.

உள்ளங்கையைக் குவித்தாள். ஊதினாள். மோந்தாள்.

ஈரக் காலுறை. கருகிய எண்ணெய்.

பதினைந்து இரவுகள்.

பிள்ளை தூங்கிய பிறகும் அவள் தூங்கியதில்லை. அந்தச் சின்ன முகத்தின் மேல் மூச்சு விட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டு கிடந்தாள். விட்டது அவள். இழுத்தது பிள்ளை.

துவாயை வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கை ஆடியது, முடிச்சு விழவில்லை. மறுபடி கட்டினாள். இனி அடுப்படியில் படுக்கலாம். பிள்ளை வீரம்மாவிடமே போகட்டும். ஆன்ட்டி என்றே கூப்பிடட்டும். பரவாயில்லை. கிட்டே வராமல் இருந்தால் போதும்.

முன்னறையில் சிரிப்புச் சத்தம்.

"அம்மா!"

நின்றாள்.

"அம்மா, இங்க ஓடி வா!"

இரண்டு வருடத்தில் முதல் தடவை.

போனாள். துவாய்க்குள் மூச்சை அடக்கிக்கொண்டு, சுவரோரமாய். நிரோஷா ஜன்னலருகே கதிரையில் ஏறி நின்றாள். வெளியே பனி. கண்ணாடியில் ஊதி விரலால் படம் கீறும் விளையாட்டு. இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் விளையாடுவது.

ஊதிய வெள்ளை மறைந்தது. வட்டம் இருந்தது.

ஊதாவும் பச்சையும். ஒன்றில்லை. கண்ணாடி முழுக்க, கீழிருந்து கை எட்டும் உயரம்வரை, சின்னச் சின்ன வாயின் அளவில். அவற்றின் மேல் விரலால் கீறிய கோடுகள். ஒரு கோடும் நேராக இல்லை. எல்லாம் ஆடியிருந்தன.

"அத்தையும் ஊதிச்சு, கலரே வரல. எனக்கு மட்டும்தான் வருது."

நிரோஷா பெருமையாய்ச் சிரித்தாள். விரல்கள் தானாக ஆடிக்கொண்டிருக்க, வாயை அகலத் திறந்து, மிச்சமிருந்த ஒரே வெற்றிடத்தின் மேல் வைத்தாள்.