புகை விட்ட இயந்திரம்

அக்கா அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனை என் கையில் இருந்தது.

"நேராப் பிடிடி வாலு. பாம்பு மாதிரி நெளியுது பாரு."

கடைக் கதவின் அகலத்தை அளந்தோம். வரப்போகும் பெட்டி அதைவிட ஒரு சாண் பெரியது. "கதவு நிலையைக் கழட்டிட வேண்டியதுதான்" என்ற அக்கா, அளவைச் சுவரிலேயே பென்சிலால் எழுதினாள். அப்பா திட்டினார். அக்கா சிரித்தாள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

மறுநாள் காய்ச்சல் என்று படுத்தாள். ஒன்பதாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. எனக்குப் பதினொன்று.

எங்களுடையது பெயர்ப்பலகை செய்யும் கடை. அக்கா கணினியில் எழுத்துகளை வரைவாள். அப்பா அவற்றைச் சின்ன ரம்பத்தால் கையாலேயே அறுப்பார். வரைந்த கோட்டில் தானே போய் வெட்டும் இயந்திரம் ஒன்று வாங்கலாம் என்று அக்கா இரண்டு வருடம் அப்பாவை நச்சரித்தாள். கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைக்க ஏற்பாடும் செய்தாள். அதற்கு சி.என்.சி. ரவுட்டர் என்று பெயர்.

அக்கா போன மூன்றாவது வாரம் அது லாரியில் வந்து இறங்கியது.

கதவு நிலையைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். மரப்பெட்டியில் நாற்பது திருகாணிகள். அப்பா மின்சாரக் கைத்துளைப்பானில் திருகுமுனையைச் செருகி ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே ஒரு பெரிய மேசை. மேசைக்கு மேலே பாலம்போல ஓர் இரும்புச் சட்டம். சட்டத்தில் ஒரு மோட்டார். மோட்டாரின் நுனியில் பென்சில் பருமனில் ஒரு கத்தி செருக வேண்டும். அதற்குப் பெயர் பிட். கணினி சொல்லும் இடத்துக்கெல்லாம் மோட்டார் நகரும், பிட் சுழன்று பலகையை வெட்டும்.

கூடவே வந்த புத்தகத்தை யாரோ அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்த்திருந்தார்கள். 'உள்ளே விரல் வைப்பது மகிழ்ச்சி தராது' என்று ஒரு வரி. 'கோபமாகச் சத்தமிட்டால் அன்புடன் நிறுத்தவும்' என்று இன்னொரு வரி.

மின்சார இணைப்புக் கொடுக்க ஷாக் அண்ணன் வந்தார். "இத்தன வருஷத்துல எனக்கு ஒரு தடவகூட ஷாக் அடிச்சதில்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதனாலேயே அந்தப் பெயர்.

"ஓரமா நில்லு பாப்பா."

"நான் ஒண்ணும் பாப்பா இல்ல. ஆறாவது படிக்கிறேன்."

"அப்ப ஆறடி தள்ளி நில்லு."

மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களை அவர் கட்டுப்பாட்டுப் பெட்டியில் முடுக்கினார். அப்பா பலகையை வைத்துப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் உறுமிக்கொண்டு கீழே இறங்கியது.

கிறீச்சென்று ஒரு சத்தம். அடுத்து புகை. பலகையில் வெட்டு விழவில்லை, ஒரு கறுப்புக் கோடுதான் விழுந்தது. பிட் படக்கென்று ஒடிந்தது.

"பலகை ஈரமா இருக்கும்" என்றார் ஷாக் அண்ணன். புது பிட் செருகிக் காய்ந்த பலகை வைத்தோம். அதற்கும் புகை. "அப்ப பிட்டு மட்டம்" என்றார். பிட்டை மாற்றினோம். அதுவும் ஒடிந்தது. வேகத்தைக் குறைத்தோம், கூட்டினோம். மூன்றாவது பிட்டும் போனது.

"மிஷினே மட்டம்ணே" என்றார் ஷாக் அண்ணன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

 இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி, அனுப்பிய கம்பெனிக்கு அப்பா செய்தி போட்டார். சனிக்கிழமை காலை லாரி வரும், இயந்திரத்தைப் பெட்டியில் போட்டுத் தயாராக வையுங்கள் என்று பதில் வந்தது.

"இன்னொரு தடவ பார்க்கலாம்ப்பா" என்றேன்.

"அவ கேட்டா, வாங்கினேன். இப்ப அத ஓட்ட யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

"நீ ஆறாவது படிக்கிற."

"அடுத்த வருஷம் ஏழாவது."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  அக்கா ஆசைப்பட்டது வீடு வரைக்கும் வந்துவிட்டது. அதையும் லாரியில் ஏற்றிவிட்டால் என்ன மிஞ்சும்?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும், இயந்திரத்தை உள்ளே ஏற்றும் முன் மரப்பெட்டியின் பலகைகளை மறுபடி பூட்டுகிற வேலை. பழைய துளைகள் தளர்ந்துபோயிருந்தன, புதிதாகப் போட வேண்டும். அப்பா எனக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுக் கைத்துளைப்பானைக் கொடுத்தார்.

"அழுத்திப் பிடி. அவசரப்படாதே."

அழுத்தினேன். துளை விழவில்லை. இன்னும் அழுத்தினேன். கிறீச்சென்றது. பலகையிலிருந்து மெல்லிதாகப் புகை வந்தது.

"நிறுத்து, நிறுத்து!" அப்பா ஓடிவந்து பார்த்தார். "திருகாணி கழட்டினப்ப பின்பக்கமாச் சுத்த வச்சேன். அப்படியே இருக்கு." பக்கவாட்டில் இருந்த விசையை மாற்றித் தள்ளினார். அடுத்த துளை வெண்ணெயில் விழுந்ததுபோல விழுந்தது.

நான் அடுத்த துளைக்குப் போகவில்லை. காற்றை மோந்து பார்த்தேன்.

"அப்பா, அதே வாசனை."

"எது?"

"மிஷின்ல வந்த வாசனை. அதே சத்தம். அதுவும் பின்பக்கமாச் சுத்துதோ?"

அப்பா என்னைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். "அது எவ்வளவு வேகமாச் சுத்துது. எந்தப் பக்கம்னு யாருக்குத் தெரியும்?"

"நிக்கும்போது மெதுவாத்தானே ஆகும்?"

செருகியிருந்த ஒடிந்த பிட்டைக் கழற்றச் சொன்னேன். மோட்டாரின் நுனியில் சாக்பீஸால் ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். ஆறடி தள்ளிப் போய் நின்றேன். அப்பா ஓடவிட்டு நிறுத்தினார். கோடு முதலில் தெரியவே இல்லை. பிறகு மங்கலாகத் தெரிந்தது. நிற்கப்போகும்போது நன்றாகத் தெரிந்தது. முன்னால் நின்று பார்த்தால் அது வலப்பக்கம் ஓடியது.

மிஞ்சியிருந்த ஒரு நல்ல பிட்டை அப்பா விரலில் பிடித்துக் கண்ணுக்கு அருகே வைத்துத் திருப்பினார். அதன் கூர்மையான ஓரம் இடப்பக்கம் ஓடினால்தான் மரத்தைக் கடிக்கும். வலப்பக்கம் ஓடினால் முதுகால்தான் தேய்க்கும்.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அவ இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பா."

"இல்லப்பா. அவளும் மூணு பிட்ட ஒடச்சிருப்பா. அப்புறம் உங்களத் திட்டியிருப்பா."

அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஷாக் அண்ணனுக்குப் போன் செய்தார்.

அவர் வந்து வாசலிலேயே நின்றார். முகம் தொங்கியிருந்தது. "நான் தப்பாக் குடுத்துட்டேன்னு சொல்றீங்களா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் புத்தகத்தை நீட்டினேன். "எந்த ஒயர் எங்கன்னு இதுல எழுதவே இல்லண்ணே. விரல வச்சா மகிழ்ச்சி தராதுன்னு மட்டும்தான் எழுதியிருக்கு. யாரு குடுத்தாலும் பாதி தடவ இப்படித்தான் ஆகும்."

ஷாக் அண்ணன் பக்கங்களைப் புரட்டினார். "எழுதலதான்" என்றார். முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. "மூணுல ரெண்ட மாத்திப் போட்டா திரும்பிச் சுத்தும். அவ்வளவுதான் விஷயம்."

மின்சாரத்தை நிறுத்தி, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் தேங்கியது வடியப் பத்து நிமிடம் காத்திருந்தார். பிறகு சிவப்பு ஒயரையும் நீல ஒயரையும் இடம் மாற்றினார்.

எதை வெட்டிப் பார்ப்பது? அக்காவின் கணினியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவள் வரைந்துவைத்த கதவுப் பலகைகள் இருந்தன. இருப்பதிலேயே சின்னதைத் தேர்ந்தெடுத்தார் அப்பா. மோட்டார் இறங்கியது. புகை இல்லை. மரத்தூள் பறந்தது. நாங்கள் மூவரும் தும்மினோம். நான்கு நிமிடத்தில் எழுத்துகள் கூர்மையாக வந்து நின்றன.

'கழிப்பறை'.

உணவு கொண்டுவந்த அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். "நல்லா வளைச்சிருக்கா" என்றாள். பிறகு, "இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டாள். அக்கா போன பிறகு அன்றுதான் அப்பா சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கம்பெனிக்குச் செய்தி அனுப்பினார். லாரி வரவில்லை.

"அடுத்த வாரம் வந்து அந்தந்த இடத்துக்குச் சரியான கலர் ஒயரா மாத்தி அழகாப் போட்டுத் தரேன்" என்றார் ஷாக் அண்ணன்.

"யாரும் அதுல கை வைக்காதீங்க" என்றார் அப்பா.

இன்று அந்த இயந்திரத்தை ஓட்டுவது நான். கணினியை இரண்டு முறை மாற்றிவிட்டோம், மோட்டாரையே ஒரு முறை மாற்றினோம். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இன்னும் சிவப்புக்கான இடத்தில் நீல ஒயரும், நீலத்துக்கான இடத்தில் சிவப்பு ஒயரும்தான் இருக்கின்றன.